பெல்ட்டின் மேல் வராத கோபம்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். முன்னே பின்னே மாற்றிச் சொல்வேன், பாதி மறந்தும் போச்சு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளணும்.

எங்கள் தோட்டம் திண்டுக்கல் மாவட்டத்து எரியோடு பக்கம். கிணறு ஒன்று, பங்கு இரண்டு. என் வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் முறை. வீட்டுக்காரரின் அண்ணன் எனக்கு மூத்தார். மூத்தாருக்கு எதிரில் தம்பி பெண்டாட்டி நின்று பேசக்கூடாது. அவராக ஏதாவது கேட்டாலும் பக்கத்தில் இருக்கிற ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்லணும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நேராக ஒரு வார்த்தை நான் பேசினதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. ஊருக்குள் அடக்கமான புள்ள என்று பேர்.

தொண்ணூறுகளின் கடைசியில் கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டது. பகலில் மோட்டார் ஓட்டுகிற கரண்டும் சில மணி நேரம்தான். எங்கள் முறையன்று வீட்டுக்காரர் தக்காளிக்கு அந்தக் கடைசியில் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருப்பார். நான் மோட்டார் ரூம் பக்கம் களை எடுப்பேன். மூத்தார் வருவார். மோட்டாரை நிறுத்தி, அதற்குக் கரண்ட் போகிற பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொள்வார். "மோட்டார் சுடுது. செத்த நேரம் ஆறட்டும்" என்று வேப்பமரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

அவருக்கும் எனக்கும் பத்தடிகூட இருக்காது. நேற்று உங்கள் முறையில் கரண்ட் இருந்த வரை ஓடினபோது சுடவில்லையா என்று நான் கேட்டிருக்கலாம். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வரப்போடு நடந்து போய் வீட்டுக்காரரிடம் சொல்வேன். அதையாவது பக்குவமாகச் சொன்னேனா?

"உங்க அண்ணன் பீசைப் புடுங்கிட்டுப் போயாச்சு. நீங்க மடையப் பாத்துக்கிட்டே நில்லுங்க, தண்ணி தானா வரும்."

"நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"நான் என்னத்தப் பேச? அவருகூடப் பொறந்தது நானா நீங்களா?"

அம்புட்டுத்தான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவார். மேட்டு வரப்பு. அண்ணன் வீடு வரைக்கும் ஓடி, சண்டை போட்டு, கட்டையை வாங்கிக்கொண்டு, கரண்ட் போவதற்குள் திரும்பக் கிணற்றுக்கு ஓடி வருவார். ஓடுகிறபோதே வாய் திட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஓடின ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் அவரை ஓடுகிற பெல்ட் ஒன்றின் மேல் நடக்கவைத்தார். நெஞ்சு முழுக்க ஒயர். ரூமுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வீட்டுக்காரருக்கு ஒரே வேடிக்கை.

"ஏன் சார், இம்புட்டு நடந்தும் இருந்த எடத்துலயே நிக்கிறேனே. ரோட்டுல நடந்திருந்தா இந்நேரம் ஊருக்குப் பாதி தூரம் போயிருப்பேன்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். வேகத்தைக் கூட்டினார்கள், பெல்ட்டை மேடாக்கினார்கள். வலி வரவில்லை. காகிதத்திலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல சண்டை சச்சரவு ஏதும் இருக்காம்மா? கோவத்தோட ஓடியாடி வேலை செய்யிறாரா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். கூடப் பிறந்தவனோடு தண்ணீருக்கு அடித்துக்கொள்வதை வெளியாளிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம்.

"அப்பிடி ஒண்ணும் இல்லைங்க சார்" என்றேன்.

கனமான வேலையைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் வீட்டுக்காரர் சந்தோசமாக வந்தார். "மிசினே சொல்லிருச்சு புள்ள, எனக்கு ஒண்ணும் இல்லையாம்." நானும் நம்பினேன். நம்பினதால் மறுபடியும் பழையபடியே போய்ச் சொன்னேன், குத்திக் குத்திச் சொன்னேன். அவரும் ஓடினார்.

அடுத்த பங்குனியில் தக்காளி பூவெடுத்திருந்தது. மூத்தார் வந்தார், பிடுங்கினார், போனார். நான் போய்ச் சொன்னேன். ஓடினவர் பாதி வரப்பில் குப்புற விழுந்தார். நான் போய்ப் புரட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாளன்று மூத்தார் வாசலில் உட்கார்ந்து, "வேலை வேலைன்னு கெடந்தான், ஒடம்பப் பாக்கல" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் தன் பெண்டாட்டியிடம் சொல்லியனுப்பினார், இந்த வாரம் பூராவும் அவர் முறையையும் சேர்த்து நானே தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம் என்று. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

சில வருசம் கழித்து எனக்குப் பிரஷர் வந்தது. பார்க்கப் போன இடத்தில் பொம்பளை டாக்டர். அதனால் கேட்டேன், மிசினில் நன்றாக நடந்த மனுசன் எப்படிச் செத்தார் என்று.

"ஓடுறப்ப அட்ரினலின்னு ஒரு சுரப்பு ரத்தத்துல எறங்கும்மா. அதுனாலதான் இதயம் வேகமா அடிக்குது. கூடவே கோவமும் சேந்தா அது இன்னும் கூடுதலா எறங்கும். பிரஷர் ஏறும், இதயத்துக்கே ரத்தம் பத்தாது, சிலருக்குத் துடிப்பு தாறுமாறாப் போயிரும். உள்ள சின்ன அடைப்பு இருந்தா பெல்ட்டுல நடக்கிறப்ப தெரியாமலும் போகலாம். அன்னைக்கு அவரு கோவமாவா நடந்தாரு?"

"சிரிச்சுக்கிட்டே நடந்தாருங்க."

"வீட்டுப் பிரச்சினையை அந்த டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"கேட்டாருங்க. இல்லைன்னுட்டேன்."

அந்தம்மா மருந்துச் சீட்டை எழுதினார்.

மூத்தார் இன்னும் உயிரோடு இருக்கிறார். எதிரில் வந்தால் இன்றைக்கும் நான்தான் ஒதுங்கி நிற்கிறேன்.

அந்தச் சுரப்பின் பேரைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். அது செய்கிற வேலையையும் நான் தப்பாகப் புரிந்திருக்கலாம். படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். இன்னொன்றும் விசாரிக்கணும். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தச் சுரப்பை அடக்குகிற மருந்து ஏதாவது கொடுத்திருப்பார்களா, அப்படி ஒரு மருந்து அந்த வருசங்களில் திண்டுக்கல்லில் கிடைத்ததா என்று. கிடைத்தது என்றால், எனக்காக மறைக்காமல் கிடைத்தது என்றே எழுதுங்கள்.