பின்பக்கம் காயாத புல்

எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் எப்போதும் சமையலறை வழியாகத்தான் வரும். ஆறு ஓடுவதோ வாசல் பக்கம், சாலைக்கு அப்பால். முதல் தடவை நானும் கணவரும் வாசலில் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் சோற்றுப்பானை மிதந்து வந்தது. மலேசியாவில் ரந்தாவ் ஊரை ஒட்டிய இந்தத் தாமான் குடியிருப்பில் கேட்டவர்களெல்லாம் தரை தாழ்வு என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அப்புறம் மழையே இல்லாமல் வெயில் நீண்டது. குழாய் வறண்டு, தண்ணீர் லோரிக்காக வாளியோடு காத்திருந்தோம். பின்பக்கப் புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பச்சை. அது எங்கள் சமையலறைச் சுவரிலிருந்து வேலியைத் தாண்டி, செம்பனை மரங்களுக்குள் வளைந்து போனது.

“ஏங்க, இது எங்கதான் போகுதுன்னு பாத்துட்டு வந்துடலாமா?”

இந்த வெயிலிலா என்று முனகினாலும் கணவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டார்.

பச்சையைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். போகப்போக அது பள்ளமாகி, ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு, ஒரு கோடாக இளைத்துக் கிடந்தது. அந்த இடத்தில்தான் அதை மறித்து, புதுக் கால்வாய் வெட்டி, எங்கள் வீடுகளைச் சுற்றிச் சாலைப்பக்கம் திருப்பியிருக்கிறார்கள். கணவர் மேட்டில் ஏறி இரண்டு பக்கமும் பார்த்தார்.

“வெள்ளம் நம்ம வீட்டுக்கு வரல லா. நாமதான் ஆத்துல குடியிருக்கோம்.”

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை மக்சிக் என்று கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியோடு வந்துவிட்டார். பச்சை இருந்த இடத்தில் மூவரும் தண்ணீர் தேடித் தோண்டினோம். முழங்கால் ஆழத்தில் வெள்ளை ஆற்றுமணல், நத்தை ஓடுகள், பிறகு ஊற்று. குடிக்க முடியாது, துவைக்கவும் கழுவவும் தெருவுக்கே உதவியது. எனக்கு நிறுத்த மனமில்லை. அடியில் இன்னும் என்ன இருக்குமோ என்று தோண்டிக்கொண்டே இருந்தேன்.

மழைக்கு முன்னால் அந்தக் குழியை நீட்டி, எங்கள் வீட்டுக்கும் மக்சிக் வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக முன்பக்க வடிகாலில் சேர்த்தோம். மழை கொட்டியபோது தண்ணீர் பழைய வழியிலேயே வந்தது. பெரும்பகுதி சந்துக்குள் திரும்பியது. கணுக்கால் அளவு மட்டும் சமையலறைக்குள் நுழைந்தது. கூடவே ஒரு விரால் குஞ்சும்.

பிடிக்கலாமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். மக்சிக்கும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அது அடுப்பு மேடையை ஒருமுறை சுற்றிவிட்டு, யாரும் வழிகாட்டாமலே சந்துப்பக்கம் போனது.