துரைக்கு வந்த கன்னடம்

"குட்மார்னிங்! சிட் டவுன்! தேங்க் யூ!" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு எருமையின் மடியில் கை வைக்கிறார் மாதேஸ்வரன். எருமை உட்காருவதில்லை, பாலை மட்டும் கொடுக்கிறது. அதற்கும் ஒரு 'வெரி குட்' உண்டு. காரிமங்கலம் சந்தையிலும் இதே கூத்துதான். கத்தரிக்காய் விற்பவளிடம் ஒரு 'பிளீஸ்' போடுவார். "ஏனுங்க, உடம்புக்கு முடியலீங்களா?" என்று அவள் பதறுவாள்.

இந்த ஆங்கிலப் பித்து பர்மாவிலிருந்து நடந்து வரும் வழியில் பிடித்தது. ரங்கூன் அரிசி மில்லில் நாற்பது ஆட்களைக் கட்டி மேய்த்த மேஸ்திரி அவர். பர்மா பாஷையில் திட்டுவார், இந்துஸ்தானியில் சமாதானம் செய்வார். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் மனைவி ராமக்காவோடு காட்டு வழியே கிளம்பினார். ஒரு முகாமில், அங்கிருந்த வெள்ளைக்காரத் துரையிடம் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசியவன் லாரியில் ஏறிப் போனதைக் கண்ணால் பார்த்தார். இவரும் தமக்குத் தெரிந்த நான்கு பாஷைகளில் கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை, இவர்தான் நடந்தார், காய்ச்சலில் துவண்ட ராமக்காவை முதுகில் சுமந்துகொண்டு. அதைப் பற்றி மட்டும் அவர் விளையாட்டாகப் பேசுவதில்லை.

பர்மா பாஷையும் இந்துஸ்தானியும் இங்கே விலைபோகவில்லை. ராமக்காவின் அண்ணன் குப்புராஜ் வீட்டில்தான் ஒண்டியிருக்கிறார்கள். எருமையும் அவருடையதே. அண்ணிக்காரி களியைத் தட்டில் போடுகிற சத்தமே 'எப்போது போய்த் தொலைவீர்கள்' என்று கேட்கும்.

கிருஷ்ணகிரி சாலையில் பட்டாளத்துக்கு மரம் சேர்க்கும் டிப்போ ஒன்று வந்தது. இங்கிலீஷ் தெரிந்த வாட்ச்மேன் வேண்டுமாம். குடியிருக்க ஓர் அறையும் உண்டாம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சவுரியப்பனிடம் தினம் ஒரு வார்த்தை வாங்கிச் சேர்த்தார் மாதேஸ்வரன். இருபது சேர்ந்ததும், டிப்போ துரையின் முன்னால் போய் நின்று இருபதையும் ஒரே மூச்சில் கொட்டினார், 'சிட் டவுன்' உட்பட.

துரை முகம் சிவந்து, "கோ பேக்!" என்றார்.

மாதேஸ்வரனுக்குப் புல்லரித்துவிட்டது. வீட்டில் அவர் பேசுவது கன்னடம். கன்னடத்தில் 'பேக்கு' என்றால் 'வேண்டும்'. வேட்டி அவிழ ஓடிவந்தார்.

"தொரெ பேக்குன்னுட்டாரு புள்ளே! நான் வேணுமாம்!"

"வெள்ளக்காரனுக்கு நம்ம பேச்சு எப்பிடி வரும்?" என்றாள் ராமக்கா.

"பெங்களூர்ல இருந்து வந்தவருடி. வராமயா இருக்கும்?"

மறுநாள் விடியும்போதே டிப்போ வாசலில் நின்றார். துரை மறுபடி 'கோ பேக்' என்றார். இவர் மறுபடி சலாம் வைத்தார். இப்படியே நாலு நாள். சும்மா நிற்கப் பிடிக்காமல் லாரிகளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டார். சரிய இருந்த மர அடுக்கை ஆட்களை அதட்டிப் பிரித்து மறுபடி அடுக்க வைத்தார். ரங்கூன் குரல் தானாக வந்தது, ஆட்களும் கேட்டார்கள். வேலை எப்போது எழுத்தில் வரும் என்று கேட்கத்தான் நேற்றுச் சாயங்காலம் சவுரியப்பனிடம் போனார்.

'பேக்கு' கதையைக் கேட்ட கம்பவுண்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட மனுசா! பேக்குன்னா இங்கிலீஷ்ல பின்னாடி. ஒன்னெத் திரும்பிப் போன்னு சொல்றான்யா அவன்."

நாலு நாள் வேண்டியவனாக இருந்துவிட்டு ஒரே நொடியில் வேண்டாதவனாகிவிட்டால் யாருக்குத்தான் நெஞ்சு எரியாது? மாதேஸ்வரன் மெல்லக் கேட்டார்:

"திரும்பி எங்கீங்க போறது? ரங்கூனுக்கா?"

கம்பவுண்டரின் சிரிப்பு நின்றது. அதற்கு அவரிடம் மருந்து இல்லை.

இன்று காலையும் மாதேஸ்வரன் போனார். பாதி திறந்திருந்த கேட்டின் நடுவில், டிப்போவுக்கு முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்து விறைப்பாக நின்றார். துரையின் கார் வந்து நின்றது. துரை தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"கோ பேக்!"

"எஸ் சார்!"

வைத்த சலாமை இறக்காமல் மாதேஸ்வரன் பின்பக்கமாகவே எட்டு வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. டிப்போவுக்குள் போய்ச் சேர்ந்ததும், துரையின் கார் உள்ளே வருவதற்காகக் கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.