மேனேஜர் போட்ட கணக்கு

அவளுக்கு மேனேஜர் என்று பட்டம் கட்டியது யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பன்னிரண்டு வயதிலேயே சொந்தக்காரர் கல்யாணத்தில் யார் எந்த வேனில் ஏற வேண்டும் என்று சீட்டு எழுதி வைத்துக்கொண்டு நின்றவள். பெரிய மாமாவையே மூன்றாவது வேனுக்குத் தள்ளிவிட்டாள். அவரும் முனகிக்கொண்டே போய் ஏறினார். வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோதும் சரக்குப் போக்குவரத்துப் படிப்பைத்தான் எடுத்தாள், வேறென்ன எடுப்பாள்? விடுதியின் பொதுச் சமையலறையில் யார் எந்த நாள் பாத்திரம் கழுவுவது என்ற அட்டவணை அவள் கையெழுத்தில்தான் ஒட்டியிருந்தது. அதில் கைவைக்க அங்கே ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

அடுத்த வருடம் அவளுடைய சித்தி மகளும் அதே கல்லூரிக்கு வந்தாள். வீட்டில் சின்னவள் என்பார்கள். சித்திக்கு அனுப்ப மனமே இல்லை. "உன்னை நம்பித்தான் விடறேன். அவளுக்கு ஒண்ணுன்னா உன்னைத்தான் கேப்பேன்" என்று போனில் மேனேஜரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சின்னவளின் குடை, மருந்து, தூக்கம் எல்லாம் மேனேஜர் பொறுப்பு. சின்னவளும் எதற்கும் மறுபேச்சுப் பேசியதில்லை. "சரிக்கா" என்பதோடு சரி.

பரீட்சை முடிந்த வார இறுதியில் மூன்று பேராகக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். மூன்றாவது ஆள் மேனேஜரோடு படிக்கும் நெட்டை. கார் ஓட்டத் தெரிந்தவன், வழியெல்லாம் சாப்பிடத் தெரிந்தவன். கரைக்கு எதிரே ஒரு குட்டித் தீவு. கடல் வற்றும்போது மணலில் நடந்தே போய்விடலாம். கடல் ஏறினால் வழி மூடிவிடும். ஞாயிறு காலை அங்கே போய் நின்றபோது, பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் கடந்துவிட வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது.

"போனெல்லாம் காருக்குள்ளயே இருக்கட்டும். நனைஞ்சா அவ்வளவுதான். மணி பாக்க என் வாட்ச் போதும்" என்றாள் மேனேஜர்.

அந்த வாட்ச்சில் ஓடியது ஊர் நேரம். அம்மா எழுந்திருப்பாளா, தூங்கியிருப்பாளா என்று பார்க்க அதை அவள் மாற்றாமலே வைத்திருந்தாள். குளிர்காலம் முழுக்க அதில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் இங்கத்திய மணி. இரண்டு வருடமாகக் கழித்துக் கழித்து அது அவளுக்கு மூச்சு விடுவதுபோல் ஆகியிருந்தது.

தீவில் பாறை ஏறினார்கள், ரொட்டி தின்றார்கள், நெட்டை பாசியில் வழுக்கி உட்கார்ந்ததற்கு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வாட்ச்சில் மணி ஐந்து இருபது. "பன்னெண்டு ஆகப் போகுது. ஒரு மணி நேரம் கையில இருக்கும்போதே கிளம்பறோம். இதுக்குப் பேருதான் திட்டம்" என்று மேனேஜர் மார்தட்டிக்கொண்டாள். எதிரில் மணல் பரப்பு முழுக்கக் காலியாக இருந்தது. கூட்டம் இல்லாதது நல்லதுதான் என்று நினைத்தாளே தவிர, ஏன் இல்லை என்று யோசிக்கவில்லை.

கால்மணி நேரம் நடந்ததும் கணுக்காலில் தண்ணீர். சின்னவள் நின்றாள். "அக்கா, தீவுக்கே திரும்பிடலாமா?"

"நேரம் இருக்குடி. நட."

"சரிக்கா."

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. காலடி மணல் நழுவிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால், வந்த வழியும் தண்ணீராகக் கிடந்தது. நெட்டையின் வாயில் இப்போது ரொட்டியும் இல்லை, பேச்சும் இல்லை. பாதி வழியில், மாட்டிக்கொள்கிறவர்களுக்காக உயரமான மரக்கால்கள் மேல் ஒரு மேடை கட்டியிருந்தார்கள். அதுவே இன்னும் நூறடிக்கு மேல் இருந்தது.

"அக்கா, கோடை வருதுன்னு நேத்து ராத்திரி இந்த ஊர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளிட்டாங்களே" என்றாள் சின்னவள் திடீரென்று. "நீ எத்தனை கழிச்சே?"

"அஞ்சரை."

"இன்னைலேருந்து நாலரைக்கா."

மேனேஜர் வாட்ச்சைத் திருப்பி மறுபடி கழித்துப் பார்த்தாள். அப்படியானால் அவர்கள் கிளம்பும்போதே மணி ஒன்று ஆகப் போயிருந்தது. திரும்பலாம் என்று சின்னவள் சொன்னபோதாவது திரும்பியிருக்கலாம். உலகத்துக்கே அட்டவணை போட்டவள், சித்தியின் ஒரே பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நடுக்கடலில் நிறுத்திவிட்டாள்.

"மேடைக்கு ஓடுங்க!" என்று நெட்டை கத்தினான். முன்னால் போய் ஆழம் பார்த்தான். மேடைக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம். அவனுக்கு இடுப்பளவு தண்ணீர், மேனேஜருக்கு மார்புக்கு மேல். இழுப்பு வேறு. அவன் தட்டுத்தடுமாறி ஏணியைப் பிடித்துவிட்டான். சின்னவள் நன்றாக நீந்துவாள். மேனேஜருக்கு நீச்சலில் அரிச்சுவடிகூடத் தெரியாது.

"நீ நீந்திப் போ" என்றாள் மேனேஜர்.

"நீ?"

"நான் வந்துடுவேன். போடின்னா போ!"

"மாட்டேன்."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து மேனேஜர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். திட்டுவதற்குள் அடுத்த அலை காலை வாரிவிட்டது. உப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் போனது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு கை அவள் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தது. "என்னைப் பிடிக்காதே, சும்மா மல்லாக்க கிட!" என்று காதருகே ஒரு அதட்டல். எத்தனை நேரம் இழுத்தாளோ, நெட்டையின் நீண்ட கை வந்து மேனேஜரின் அக்குளைப் பற்றியபோதுதான் அவளுக்கு வானம் தெரிந்தது.

மேடை மேல் மூன்று பேரும் நனைந்து சுருண்டு உட்கார்ந்தார்கள். கீழே தண்ணீர் ஏணிப்படிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு கையையும் ஆட்டிவிட்டு எங்கோ ஓடினார்.

மேனேஜர் அழுதாள். மறைக்கவும் தோன்றவில்லை. "உனக்கு ஏதாவது ஆகியிருந்தா சித்திக்கு நான் என்னடி பதில் சொல்லியிருப்பேன்? நீந்திப் போன்னு சொன்னேன்ல? ஏன் கேக்கலே?"

சின்னவளுக்குப் பல் கிட்டியது. "உனக்கு ஏதாவது ஆகியிருந்தா பெரியம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"எங்கம்மாவுக்கா? எங்கம்மா உன்கிட்ட என்ன கேட்டாங்க?"

"நான் கிளம்பற அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்கக்கா. 'அவ எல்லாரையும் பாத்துக்குவா. அதனாலயே அவளைப் பாத்துக்கணும்னு யாருக்கும் தோணாது. நீயாவது பாத்துக்கடி'ன்னாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாங்க."

இந்த ஒரு வருடத்தில் சின்னவள் சொன்ன அத்தனை 'சரிக்கா'வும் மேனேஜர் மனதில் ஓடின. நெட்டை தனக்குச் சம்பந்தமில்லாததுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தான்.

மீட்புப் படகு வந்து சேர்ந்தபோது கடைசி மூன்று படிகள்தான் வெளியே தெரிந்தன. ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒரு கையால் ஏணியைப் பற்றியபடி, ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும், யார் முதலில் என்று கேட்டார். சின்னவளை முதலில் இறக்கு, நெட்டை அடுத்து, நான் கடைசி என்று வரிசை மேனேஜரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அக்கா முதல்ல" என்றாள் சின்னவள்.

மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிடி" என்று இறங்கினாள்.