பலீல் பாஸ் போட்ட குழாய்

வெள்ளவத்தையில் பலீல் பாஸின் கராஜைத் தெரியாத வான்காரர் கிடையாது. பழைய ஜப்பான் பெற்றோல் வான், அதுவும் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால், தெஹிவளையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். முப்பத்தைந்து வருடத் தொழில். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டே வருத்தம் இன்னதென்று சொல்லிவிடுவார் என்று பேர். அந்தப் பேரைவிடப் பெரிய வாயும் அவருக்கு இருந்தது. வந்தவர் ஏதாவது விளக்கம் சொல்லத் தொடங்கினால், "நீங்க டொக்டரா, நான் டொக்டரா?" என்று அடக்கிவிடுவார்.

யோகேஸ்வரியையும் அப்படித்தான் மூன்று முறை அடக்கினார். புருஷன் படுக்கையில் விழுந்த பிறகு அவனுடைய பாடசாலை வானைத் தானே ஓட்டப் பழகியவள் அவள். பதினொரு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். வேகத்தைக் குறைத்துக் காலை எடுத்தால் எஞ்சின் துடிதுடித்து நின்றுவிடுகிறது என்று வந்தாள். முதல்முறை பிளக் மாற்றினார். அடுத்தமுறை காற்று உள்ளே போகும் வாயைக் கழற்றிக் கரி கழுவினார். மூன்றாம் முறை, காலை எடுத்தாலும் எஞ்சினை நிற்காமல் ஓடவைக்கிற ஐடில் வால்வையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் கராஜில் எஞ்சின் நல்ல பிள்ளையாக ஓடியது. எஞ்சின் கொதித்தால் மட்டும் வருகிற வருத்தம், வீட்டில் ஆறக் கிடந்துவிட்டு வருகிற வானில் எப்படித் தெரியும்! அந்தச் சின்ன விஷயம் நம்முடைய டொக்டரின் மூளைக்கு எட்டவில்லை.

"வான்ல ஒண்டுமில்ல தங்கச்சி. ஒங்கட கால்லதான் பிழை. கிளட்ச்ச சட்டெண்டு உடுறீங்க," என்று தீர்ப்புச் சொன்னார்.

அவள் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் வானை ஆளில்லாத ஒழுங்கைக்குக் கொண்டுபோய், கிளட்ச் விட்டு விட்டுப் பழகினாளாம், பாவம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு அந்த வான் உறுமிக்கொண்டு கராஜுக்குள் வந்தது. இறங்கிய யோகேஸ்வரி கதவைச் சாத்தாமலே ஓடிவந்தாள். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, தெஹிவளையில தண்டவாளத்துக்கு மேல வச்சு நிண்டுட்டுது. பிள்ளையள் எல்லாம் உள்ளுக்கு. ஸ்டார்ட் எடுக்கவேயில்ல. மீன் விக்கிற ஆக்கள் ஓடிவந்து தள்ளிவிட்டவை. ரெண்டு நிமிசத்தில ரயில் போச்சு நானா! கொஞ்சம் ஆறினாப் பிறகுதான் ஸ்டார்ட் எடுத்தது. பிள்ளையள தாய்மாரிட்ட குடுத்திட்டு நேர வாறன்."

பலீல் சீட்டைத் தூக்கி, அதற்குக் கீழே கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினை அணைக்காமல், டோர்ச் அடித்துப் பார்த்தார். பென்சிலைவிட மெல்லிய கறுப்புக் குழாய் ஒன்று எஞ்சினிலிருந்து சென்சருக்குப் போனது. எஞ்சின் எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறது என்று, பெற்றோலை அளந்து விடுகிற கம்பியூட்டருக்குத் தெரிவிக்கிற குழாய் அது. அவர் கண்ணெதிரிலேயே அது தானாக ஒட்டிச் சப்பையானது, குடித்து முடித்த பால் பக்கற்றில் ஸ்ட்ரோ ஒட்டுவதுபோல. கணக்குத் தப்பிய எஞ்சின் துடித்தது. அக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினார், குழாய் விரிந்தது. விட்டார், மறுபடி ஒட்டியது. காலை எடுக்கும்போதுதான் எஞ்சின் பலமாக உறிஞ்சும். சூட்டில் இளகிய குழாய் அதைத் தாங்குமா?

"எந்த மடையன் இதப் போட்டது?" என்று கத்தினார்.

துணியால் துடைத்தார். கறுப்பெல்லாம் எண்ணெய் அழுக்கு. உள்ளே இருந்தது ரப்பரே அல்ல, மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற பிளாஸ்டிக் குழாய். நுனியைக் கட்டியிருந்த செப்புக்கம்பி இடப்பக்கமாக முறுக்கி மடிக்கப்பட்டிருந்தது. பலீல் இடக்கைக்காரர். அப்படி முறுக்குகிற வேறு ஒருவரையும் அவருக்குத் தெரியாது.

"உங்களத் தவிர ஒருத்தரிட்டயும் குடுக்கயில்ல நானா," என்றாள் யோகேஸ்வரி மெல்ல.

நாட்டில் டொலர் இல்லாமல் போய் இறக்குமதி படுத்துக் கிடந்த வருடம் பலீலுக்கு நினைவு வந்தது. ஒரு சாண் ரப்பர் குழாய்க்கு ஊரெல்லாம் அலைந்துவிட்டு, 'ரெண்டு கிழமைக்கு ஓடட்டும், பொறகு மாத்துவோம்' என்று இதைப் போட்டார். இரண்டு கிழமை மூன்று வருடமாயிற்று. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கட்டும். ஆனால் இந்த யானை பதினொரு பிள்ளைகளை அல்லவா தண்டவாளத்தில் கொண்டுபோய் நிறுத்தியது!

"அப்ப என்ட கால் இல்லையா நானா?"

அவள் கண் நிறைந்து வழிந்தது. அவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இல்ல தங்கச்சி. ஒங்கட கால்ல ஒரு பிழையுமில்ல. எல்லாம் நான் செஞ்ச வேல. அல்லாஹ்வுக்காக மன்னிச்சுக்கோங்க."

நல்ல ரப்பர் குழாயை எடுத்து அளவுக்கு வெட்டப் போனவரின் கை பாதியில் நின்றது. அன்றைக்கு வளர்ப்பு மீன் விற்கிற கடையில் ஒரு துண்டா வாங்கினார்? ஒரு சுருள் அல்லவா வாங்கினார்! அந்தச் சுருளில் இப்போது ஓர் அங்குலமும் மிச்சமில்லை. அந்த வருடம் இந்தக் குழாய் பழுதாகி வந்த எல்லா வானுக்கும் அதைத்தான் போட்டார். ஆறோ ஏழோ. அதில் பாடசாலை வான் மட்டும் நாலு.

"யா அல்லாஹ்!" என்று தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்திவிட்டார். பாடசாலை விட்டு, வான்கள் எல்லாம் பிள்ளைகளோடு ரோட்டில் திரிகிற நேரம். எண்ணெய்க் கையாலேயே ஃபோனை எடுத்து அந்த நாலில் ஒன்றை ஓட்டுகிற, தம்பி முறையில் 'மல்லி' என்று அவர் கூப்பிடும் கொட்டாஞ்சேனைச் சயந்தனுக்கு முதலாவதாக அடித்தார்.

"சொல்லுங்க பாஸ்," என்றான் சயந்தன். அவனுக்குப் பின்னால் பிள்ளைகள் கத்திச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"மல்லி, வான் ஓடுதா?"

"இல்ல பாஸ், இப்பதான் நடுச் சந்தியில நிண்டு போச்சு. ஸ்டார்ட் அடிச்சிட்டு இருக்கேன். ரெண்டு தரம் ஒங்களுக்கு சொன்னேன்தானே, நீங்கதான் ஒண்டுமில்லன்னு அனுப்பினீங்க."

"ஸ்டார்ட் அடிக்க வேணாம் மல்லி. மொதல்ல புள்ளைகள எறக்குங்க. ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஏன் பாஸ், என்ன?"

"பிழை வான்ல இல்ல. நான் விட்ட பிழை. எறக்குங்க மல்லி, கெதியா எறக்குங்க!"

சயந்தன் வானின் கதவை இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது.

"பதினாறு பேர் இருக்காங்க பாஸ்," என்றான்.