கல்யாண மகால் கவுன்

எனக்குப் புதுநன்மை, அதாவது மாதா கோயிலில் முதல் நற்கருணை, கொடுக்கப் போகிறார்கள் என்றதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கவலை என் ஆன்மாவைப் பற்றியது அல்ல, வெள்ளைக் கவுனைப் பற்றியது. செஞ்சிக் கடைத்தெருவில் கிடைத்த வெள்ளைத் துணியெல்லாம் அம்மாவுக்குச் சாக்குத் துணியாகத் தெரிந்தது. அவள் கண் சித்தப்பாவின் துணிமேல் இருந்தது.

சித்தப்பா, அதாவது நைனாவின் தம்பி, கடலூரில் தங்கி டிராப்ட்ஸ்மேன் படித்துக்கொண்டிருந்தார். கட்டடங்களுக்குப் படம் போடும் படிப்பு. முதலில் காகிதத்தில் பென்சிலால் வரைந்து, அதன்மேல் டிரேசிங் துணியை விரித்து மையால் படியெடுக்க வேண்டும். கஞ்சி ஏற்றி வழவழப்பாக்கிய, லேசாக நீலம் பாய்ந்த துணி அது. மை சிந்தினால் அவ்வளவுதான், படம் வீண். அப்படி வீணானவற்றைச் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் கஞ்சியோடு மையும் போய், மெல்லிய வெள்ளைத் துணி கிடைக்கும். எங்கள் வீட்டுக் கைக்குட்டைகளெல்லாம் ஒரு காலத்தில் யாருடைய மாடிப்படியாகவோ குளியலறையாகவோ இருந்தவை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா இரண்டு சுருள்களோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஒன்று வீணானது. மற்றது பரீட்சைக்கான படம். எங்கள் ஊர்க் கோட்டையிலிருக்கும் கல்யாண மகாலை அடுக்கு அடுக்காக அளந்து வரைந்திருந்தார். திங்கட்கிழமை காலையில் அதை ஒப்படைக்காவிட்டால் பரீட்சையில் உட்கார விடமாட்டார்கள். நைனா ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்காகவே வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார்.

"வாத்தியாரு ஒரு கோடு கூட மாத்த வாணாம்னுட்டாருண்ணா" என்றார்.

நைனா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தொடாமலே வெகுநேரம் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை சித்தப்பா முடிவெட்டிக்கொள்ளப் போனார். அம்மா மூலையிலிருந்த சுருள்களில் ஒன்றை எடுத்து, பிரித்துப் பார்க்காமல் வெந்நீரில் போட்டாள். அவர் திரும்பி வந்தபோது கல்யாண மகால் கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

சித்தப்பா கொடியைப் பார்த்தார். மூலைக்குப் போய், மிச்சமிருந்த சுருளைப் பிரித்தார். நடுவில் பெரிய மைக்கறை. அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ தம்பி, நான் இன்னா காரியம் பண்ணிட்டேன்!"

சித்தப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு சிரித்தார்.

"எழுந்திருங்கண்ணி. அதுல ஒரு கோடு தப்பாத்தான் இருந்துச்சு. எப்டியும் வேற போடணும்னு இருந்தேன். பென்சில் படம் கடலூர்ல பத்திரமா இருக்குது."

நைனா தம்பியையே பார்த்தார்.

மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரத்திலும், அம்மா இனி அந்தத் துணியில் கத்தரிக்கோலை வைக்கமாட்டாள் என்பது சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "கவுன நான் வரைஞ்சி தரேன்" என்று என்னைச் சுவரோரம் நிறுத்தி, ஸ்கேலால் அளந்தார்.

"நிமுந்து நில்லுடி, பில்டிங் சாயுது பாரு."

பழைய செய்தித்தாளில் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று எனக்கும் ஒரு படம் போட்டார். இடுப்புக்குக் கீழே மகாலைப் போலவே அடுக்கு அடுக்காகச் சுருக்கம். அம்மா அழுதுகொண்டே அதன்படி வெட்டினாள். அவர் சாப்பிடாமலே பஸ் ஏறினார்.

கூடப் படித்தவனிடம் துணி கேட்டு வாங்கி, திங்கட்கிழமை காலைக்குள் முழுப் படத்தையும் மறுபடி போட்டுக் கொடுத்துவிட்டார். எப்படி முடித்தார் என்பதை அவர் சொன்னதே இல்லை. பிற்பாடு எத்தனையோ பாலங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அவர் படம் போட்டார். எனக்கோ அந்தக் கவுனுக்கே இன்னும் நன்றி சொல்லித் தீரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லார் கண்ணும் என் கவுன்மேல்தான். ஏது இந்தத் துணி என்று கேட்டவர்களிடமெல்லாம், "எங்க சித்தப்பா தப்பாப் போட்ட படம்" என்று பெருமையாகச் சொன்னேன். பின்னால் நின்றிருந்த சித்தப்பாவும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

புதுநன்மை வாங்கும்போது எதைக் கேட்டாலும் ஆண்டவர் கொடுப்பார் என்று சாமியார் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு பொம்மை வேண்டியிருந்தது. ஆனால் சித்தப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது. பொம்மையை விட்டுக்கொடுத்துவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டேன்:

"சேசுவே, எங்க சித்தப்பாவுக்கு இனிமேலாவது கோடு தப்பா வராம பாத்துக்கோ."