கொட்டாம்பட்டியிலிருந்து வந்த எண்பத்தெட்டு

மாமா வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு பழங்காநத்தத்தில் எங்கள் தெருவே அவர் வாசலில் கூடிவிட்டது. எண்பதுகளின் பிற்பகுதி அது. கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறை முழுக்க பீரோ பீரோவாக நிற்கும், ஏ.சி. போடாவிட்டால் அதற்கு மூச்சு முட்டும் என்றெல்லாம் வாரப் பத்திரிகைகளில் படித்திருந்தோம். மாமா அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்ததோ என் சிலேட்டைவிடச் சற்றுப் பெரிதான ஒரு கறுப்புப் பலகை. அதன்மேல் அழிரப்பர் மாதிரி சாம்பல் நிறப் பொத்தான்கள். தாத்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுக்காடா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? கால்குலேட்டரை இழுத்து நீட்டுனாப்ல இருக்கு."

கூட்டம் கலைந்தது. நான் மட்டும் போகவில்லை. எங்கள் வீடு அடுத்த தெருவில்தான் என்றாலும் பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் நான் மாமா வீட்டில்தான் கிடப்பேன். அங்கே தாத்தா, மாமா, அத்தை, அம்மாவின் கடைசித் தங்கையான சித்தி ஆகிய நால்வரும் இருந்தார்கள். மாமாவுக்கு வங்கியில் வேலை. ஆனால் அவர் உயிர் மொட்டைமாடியில் கட்டியிருந்த ஏரியல் கம்பியில் இருந்தது. அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ரேடியோ வைத்து, ஊர் ஊராக இருக்கும் தன்னைப் போன்றவர்களோடு பேசுகிற ஹாம் ரேடியோக்காரர் அவர். பேசிப் பேசி அலுத்துப்போய், இனிமேல் எழுத்தாகவே அனுப்புவது என்று தீர்மானித்திருந்தார். அதற்குத்தான் இந்தப் பலகை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் மூலம் இரண்டு வரவழைத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டாம்பட்டியில் இருந்த ஒரு சிநேகிதருக்குக் கொடுத்திருந்தார்.

அந்தச் சிநேகிதரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. மாமாவோடு லைசென்ஸ் பரீட்சை எழுதியவர், திருச்சி ரோட்டில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் என்பது மட்டும் தெரியும். மாமாவுக்கு இளையவர். மாமா அவரை "மாப்ள" என்பார், அவர் மாமாவை "அண்ணே" என்பார். மதுரைப் பக்கம் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வதுதான், அதில் விசேஷம் ஒன்றுமில்லை.

அந்தப் பலகைக்கென்று தனியாகத் திரை கிடையாது. டி.வி.யோடுதான் அதைச் சேர்க்க வேண்டும். டி.வி. அத்தை பிறந்த வீட்டிலிருந்து வந்த சீர். கொடைக்கானலில் கோபுரம் நிறுவி மதுரைக்குப் படம் தெரிய ஆரம்பித்த புதிது. மாமா ஸ்குரூ டிரைவரோடு அதன் பின்பக்கம் போவதைக் கண்டதும் அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னங்க, அதை மட்டும் தொட்டீங்க, நான் எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன்."

"டி.வி.யையும் தூக்கிட்டுப் போயிருவியா?" என்று மாமா உண்மையான கவலையோடு கேட்டார்.

கடைசியில் தாத்தா தலையிட்டு ஒப்பந்தம் செய்துவைத்தார். ஞாயிறு காலைத் தொடர் முடிந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை டி.வி. மாமாவுக்கு. சாயங்காலப் படத்துக்குள் அது பழையபடி டி.வி.யாகிவிட வேண்டும்.

ஒரு கேசட்டில் இருந்த புரோகிராமை டேப் ரெக்கார்டரில் ஓட்டித்தான் பலகைக்குள் ஏற்ற வேண்டும். ஆட்டுக்குட்டியைக் கிணற்றில் இறக்கியது போல அது கத்தும், திரையின் ஓரங்களில் வண்ணக்கோடுகள் துடிக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு வீட்டில் யாரும் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடக் கூடாது. முக்கால்வாசி ஏறியிருக்கும்போது பக்கத்து வீட்டில் மிக்ஸியைப் போடுவார்கள், எல்லாம் போய்விடும். மாமா மதில்மேல் எட்டிப் பார்த்து, "அக்கா, சட்னி அரைச்சாச்சா?" என்று கெஞ்சும் குரலில் கேட்டுவிட்டு வந்து மறுபடி ஆரம்பிப்பார். ரேடியோவுக்கும் பலகைக்கும் நடுவே, டிபன் டப்பாவுக்குள் தானே செய்த ஒரு கருவியை வைத்திருந்தார். தட்டுகிற எழுத்தை அது சத்தமாக்கும். வருகிற சத்தத்தை எழுத்தாக்கும். இரண்டே இரண்டு சுரங்கள், சுவர்க்கோழிகள் சண்டை போடுவது போல மாறி மாறி ஒலிக்கும்.

முதல் சில வாரங்களுக்குத் திரையில் வெறும் குப்பைதான் விழுந்தது. மாமா குமிழைத் திருகுவதும் மாடிக்கு ஓடுவதுமாக இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பைக்கு நடுவிலிருந்து "வணக்கம் அண்ணே" என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஒரு வரி முளைத்தது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். தாத்தா எழுந்துவந்து திரையைத் தடவிப் பார்த்தார்.

அன்றைக்கு எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்பிக்கொண்டார்கள். தாத்தாவுக்கும் அத்தைக்கும் ஆங்கில எழுத்து தெரியாது. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் நான் திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, விழ விழ உரக்க வாசிக்க வேண்டும். அது லேசான வேலையில்லை. எம், ஏ, எல், ஏ, ஐ என்று விழுந்தால் அது மலையா, மழையா, மாலையா என்று நான்தான் முடிவு செய்தாக வேண்டும். "நேத்து ராத்திரி இங்க நல்ல மலை" என்று நான் வாசிக்க, தாத்தா பதறிப்போய், "கொட்டாம்பட்டியில ஏதுடி புது மலை?" என்றார். அதிலிருந்து அவர் அந்தச் சிநேகிதரை 'மலைக்காரர்' என்றே குறிப்பிட்டார்.

மாமாவுக்குத் தட்டச்சு வராது. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவார். அதுவும் ஓர் எழுத்து தப்பானால் பொறுக்காது, முழு வரியையும் மறுபடி அடிப்பார். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்த சித்தி இதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒருநாள் பொறுமை இழந்தாள்.

"தள்ளுண்ணே. நீ அடிக்கிறதுக்குள்ள அவரு பஸ் ஏறி நேர்லயே வந்துருவாரு."

சித்தியின் விரல்கள் பட்டதும் எழுத்துகள் கொட்டின. கொட்டாம்பட்டியிலிருந்து பதில் வந்தது. "என்ன அண்ணே, இன்னைக்கு இம்புட்டு வேகம்?"

"அடிக்கிறது தங்கச்சி" என்று சித்தி அடித்தாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. மாமா குமிழைத் திருகினார். ஒயரை அசைத்தார். மாடிக்குப் போய் ஏரியலைப் பார்க்கலாமா என்று எழுந்தபோது எழுத்துகள் மெல்ல நகர்ந்து வந்தன. "வணக்கம்ங்க. என் எழுத்துல தப்பு இருந்தா மன்னிக்கணும்."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் சித்திதான் அடித்தாள். மாமா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரம்பத்திலும் முடிவிலும், லைசென்ஸோடு அரசாங்கம் தந்த பெயர் மாதிரியான தன் அழைப்புக்குறியைப் போடச் சொல்லுவார். லைசென்ஸ் உள்ளவன் கூடவே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். சட்டம் அதற்கு எவ்வளவு இடம் கொடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தாத்தாவுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. வயசுப்பெண் அந்நிய ஆணோடு போனில் பேசினால் வீடு இரண்டாகியிருக்கும். இதுவோ நடுக்கூடத்தில், எல்லார் கண்ணெதிரிலும், என் வாய் வழியாக நடந்தது. ஒளிவுமறைவு ஏது?

பேச்சிலும் ஒன்றுமில்லை. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கரண்ட் வோல்டேஜ் குறைந்து ஊரிலுள்ள மோட்டாரெல்லாம் புகைந்து கடைக்கு வந்திருக்கிறது. அத்தை பீன்ஸ் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முழங்காலுக்கு முடக்கத்தான் அரைச்சு தோசை ஊத்தச் சொல்லு" என்பாள். சித்தி அதை அடிப்பாள். தாத்தா கடலை விலை கேட்பார். எல்லாம் முடிந்ததும் அங்கிருந்து எழுபத்து மூன்று என்று ஓர் எண் விழும். அது ரேடியோக்காரர்கள் விடைபெறும்போது சொல்லிக்கொள்ளும் வாழ்த்து என்று மாமா எனக்குச் சொல்லியிருந்தார். நான் அதைக் கோயில் மணி மாதிரி இழுத்து வாசிப்பேன். சாப்பாடு தயார் என்று அர்த்தம்.

இதற்கிடையில் தாத்தா சித்திக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் குடும்பம். அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அத்தை ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டாள்.

அந்த ஞாயிறுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பேச்சு முடிகிற நேரத்தில் பலகையில் சித்தி அடித்த வரி இது. "அடுத்த வாரம் வர முடியாது. பொண்ணு பார்க்க வாராங்க."

நான் உரக்க வாசித்தேன். அத்தை சிரித்தாள். கொட்டாம்பட்டியிலிருந்து பதில் வரவில்லை. இந்தத் தடவை மாமா குமிழைத் திருகவில்லை, மாடிக்கும் ஓடவில்லை. வெகுநேரம் கழித்து, வேறு ஒரு சொல்லும் இல்லாமல், ஓர் எண் மட்டும் விழுந்தது.

"எண்பத்தெட்டூ" என்று வழக்கம்போல இழுத்து வாசித்தேன். "மாமா, என்ன மாமா, எண்பத்தெட்டுன்னு வந்திருக்கு?"

"என்னவாம்?" என்றார் தாத்தா.

மாமாவின் முகத்தில் வேர்த்திருந்தது. "சிக்னல் கெட்டுப்போச்சுப்பா. எழுபத்து மூணுதான், தப்பா விழுந்திருக்கு" என்றார்.

அவர் கை ரேடியோவின் சுவிட்சுக்குப் போனது. அதற்குள் சித்தி ஒரே பொத்தானை இரண்டு தடவை தட்டினாள். திரையில் அவள் அடித்ததும் எண்பத்தெட்டுதான். தப்பைத் திருப்பி அனுப்பிக் காட்டுகிறாள் என்று நான் நினைத்தேன். மாமா அவளையே பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. பிறகு மாமா தன் ஒற்றை விரலால், நிதானமாகத் தேடித் தேடி, தன் அழைப்புக்குறியை அடித்து முடித்துவைத்தார்.

மறுநாள் வங்கிக்கு லீவு போட்டுவிட்டு, "வா மருமவளே, கொட்டாம்பட்டி வரைக்கும் போயிட்டு வருவோம். அவன் மெஷின்ல ஏதோ கோளாறு" என்று என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பெண் பார்க்கும் நேரத்தில் அவர் மட்டும் போனால் வீட்டில் கேள்வி வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அரைப்பரீட்சை விடுமுறையில் பஸ் சவாரி கிடைத்த சந்தோஷம் எனக்கு.

தாமிரக் கம்பிச் சுருள்களும் வார்னிஷ் வாசனையுமாக இருந்த கடைக்குள் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாமாவைக் கண்டதும் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த ஸ்குரூக்களெல்லாம் தரையில் சிதறின. எனக்கு ஒரு பனங்கிழங்கு வாங்கித் தந்து வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

"ஏன் மாப்ள" என்று மாமா ஆரம்பித்தார். "நேத்து கடைசியா ஒண்ணு வந்துச்சே, சிக்னல் கெட்டுப்போயா?"

அவர் குனிந்து ஸ்குரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவர் அண்ணே என்று சொல்லவில்லை. மாமாவிடம் மரியாதைக் குறைவாகப் பேசுகிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது. மாமாவோ கோபப்படவில்லை. தானும் குனிந்து ஸ்குரூ பொறுக்க ஆரம்பித்தார்.

"தங்கச்சியும் அதையேதான் அனுப்புனா. பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"அப்ப ரேடியோவுல பேசுனது போதும். அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆளா வீட்டுக்கு வா. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வா."

இரண்டொரு நாளில் அவர் தன் அம்மாவோடு வந்தார். அந்த அம்மாள் நொண்டி நொண்டிப் படியேறியதும், "முடக்கத்தான் தோசை கேட்கலையா?" என்று அத்தை ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "நீங்கதானா அந்த மலைக்காரரு?" என்று தாத்தா எழுந்தே விட்டார். கிணறு எப்படி இருக்கிறது, மோட்டார்கள் புகைவது நின்றதா என்று விசாரித்தார். காப்பி வந்த பிறகுதான் அந்த அம்மாள் வந்த காரியத்தைச் சொன்னார்.

தாத்தா முகம் மாறியது. "மாசச் சம்பளம்னு ஒண்ணு இல்லையேம்மா" என்றார். கதவோரம் நின்ற சித்தியின் கையிலிருந்த தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. தாத்தா அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அணைத்துக் கிடந்த டி.வி.யைப் பார்த்தார்.

"ஆரப்பாளையத்துக்காரங்க லாட்ஜுல எத்தனை ரூம்னு எனக்குத் தெரியும்" என்றார் மெல்ல. "அந்தப் பையன் என்ன பேசுவான், எதுக்குச் சிரிப்பான், ஒண்ணும் தெரியாது. இவரு இத்தனை மாசமா நம்ம கூடத்துலதான பேசிக்கிட்டிருக்காரு." மாமா பக்கம் திரும்பி, "நாளைக்கு நானே போயி அவங்ககிட்டச் சொல்லிட்டு வாரேன்" என்றார்.

தை மாசத்தில் கல்யாணம். சித்தி பிறகு தன் பெயரிலேயே லைசென்ஸ் வாங்கினாள். அவர்கள் இருவரும் இன்றைக்கும் கொட்டாம்பட்டியில்தான் இருக்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கும்போது நானும் அந்தப் பரீட்சைக்குப் படித்தேன். புத்தகத்தில் ரேடியோக்காரர்களின் குறியெண்கள் ஒரு பக்கத்தில் இருந்தன. எழுபத்து மூன்றுக்கு எதிரே நல்வாழ்த்துகள் என்று இருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே எண்பத்தெட்டு. அன்பும் முத்தங்களும். நூலகத்தில் நான் சிரித்த சிரிப்பில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தாத்தா, அத்தை எல்லோரும் உட்கார்ந்திருந்த கூடத்தில் அதை நான் எவ்வளவு நீளமாக இழுத்து வாசித்திருக்கிறேன்! ஓர் எழுத்துத் தப்பைப் பொறுக்காத மாமா, தன் தகப்பனார் முகத்தைப் பார்த்து அப்படி ஒரு பொய் சொல்லிவிட்டு, அந்த எண்பத்தெட்டுக்குக் கீழே தன் அழைப்புக்குறியையும் அல்லவா போட்டிருக்கிறார்.

அன்றைக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், கொட்டாம்பட்டியில் ஒரு மெஷின் எண்களைத் தப்புத் தப்பாக அனுப்பிக்கொண்டிருந்தது என்றும், எங்கள் மாமா பஸ்ஸில் போய் ஒரே நாளில் அதைச் சரிசெய்துவிட்டு வந்தார் என்றும் வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.