கையத்தூக்கு அக்கா

அக்கா இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றிக்கொண்டுதான் அடுத்த ஆளைத் தொடுவார். நீதிமன்ற வாசலில் பெண்களைச் சோதிக்கும், வெயில் எட்டிப் பார்க்காத மூலை அது. "பச்சத்தண்ணி மாதிரி கைய வெச்சா அவங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஏற்கனவே கோர்ட்டுன்னு பயந்துபோய் வர்றாங்க, நாம வேற எதுக்கு?" என்பார். தேய்த்து முடித்ததும், "கையத் தூக்கும்மா." நீதிபதியின் மனைவியானாலும் நெல்லுமூட்டை திருடியதாகப் பிடிபட்டவளானாலும் இதே இரண்டு சொல், இதே குரல். அதனால் வக்கீல்கள் வைத்த பெயர் கையத்தூக்கு அக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்த பிறகு வந்த ஏற்பாடு இது. ஆண்களுக்கு வெட்டவெளியில் காவலர் சோதனை. பெண்களுக்கு மூன்று பக்கம் பலகையும் ஒரு பக்கம் பச்சைத் திரையுமாக ஒரு தடுப்பு. உள்ளே அக்கா, ஒரு மேசை, ஒரு ஸ்டூல். நான் இதே கட்டடத்தின் மாடியில் தட்டச்சு செய்பவள். தேநீர் இடைவேளையில் அந்த ஸ்டூல் எனக்குத்தான். மாடியில் ஆண்கள் நாட்டு நிலவரத்தை அலசித் தீர்ப்புச் சொல்வதைக் கேட்டுக் காது புளித்துப்போய்க் கீழே இறங்கி வருவேன்.

அக்கா புறங்கையால்தான் தடவுவார். தோள், விலா, இடுப்பு, கெண்டைக்கால். கை நகரும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். "தொடும்போது மூஞ்சியப் பாத்தா அவங்களுக்குக் கூசும்" என்பது அவர் வகுத்துக்கொண்ட சட்டம். கைப்பையில் அகப்படும் நகவெட்டி, பழம் நறுக்கும் கத்தி எல்லாம் மேசை இழுப்பறைக்குப் போய், மாலையில் உரியவரிடம் திரும்பும். ஒருமுறை விவாகரத்துக்கு வந்த பெண்ணின் பையில் மிளகாய்ப்பொடிப் பொட்டலம் இருந்தது. "யாருக்கும்மா இது?" என்றார். "அவருக்குத்தான்" என்றாள் அவள், சற்றும் கூசாமல். அன்று வாய்தா. மாலையில் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்த அக்கா, "சமையலுக்கு மட்டும், கேட்டியா?" என்று சொல்லி அனுப்பினார்.

கைகளைத் தூக்கி நிற்கும் பெண்கள் ஏனோ வாயைத் திறந்துவிடுகிறார்கள். குண்டு வைத்தவர்கள் மலைக்கிராமங்களில் ஒளிந்திருக்கிறார்கள் என்று அங்கே ராணுவத்தை இறக்கியதிலிருந்து திரைக்குள் அதே பேச்சுதான். ஒரு நாள் பெண் வக்கீல் ஒருவர், "குண்டு வெச்சவனை மடியில போட்டுக் கொஞ்சவா முடியும்? அடிச்சாத்தான் அடங்குவானுங்க" என்றார். பின்னால் இடுப்பில் குழந்தையோடு காத்திருந்த பெண், "எங்க வீட்டுக்காரரும் அப்படிச் சொல்லித்தான் மேடம் அடிச்சாரு. அடங்குனேனா? கேஸ் போட்டிருக்கேன்" என்றாள். வக்கீலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வீடும் நாடும் ஒண்ணாம்மா?" என்று கேட்டுவிட்டு, பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு போனார். அக்கா இருவர் பக்கமும் பேசவில்லை. குழந்தையின் அரைஞாணைக்கூட விடாமல் சோதித்து அனுப்பினார்.

அவரைச் சமாதானத் தூதர் என்று நினைத்துவிட வேண்டாம். குண்டு வெடித்த காலையில் அவரும் அதே நிலையத்தில் இறங்கி, அப்போது பார்த்த வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று விடுவிடுவென்று வெளியே வந்தவர். தினமும் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் ஜெராக்ஸ் கடைப் பெண், தலைக்குக் கிளிப் வாங்குகிறேன் என்று பின்தங்கினாள். அவள் வரவில்லை. "அவனுங்கள சும்மா விடவே கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொல்வார். அடுத்த மூச்சிலேயே, "அதுக்கு எம் புள்ளதான் போகணுமா?" என்பார். வேறு யார் பிள்ளை போவதாம் என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். "அதான் தெரியல. யார் புள்ளையக் கை காட்டறது? எல்லாத்தையும் எவளோ ஒருத்திதானே பெத்திருக்கா" என்றார்.

ஒரே மகன். ஒட்டடைக்குச்சி போல வளர்ந்துவிட்டதால் வீட்டில் ஒட்டடை என்றே பெயர். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வரிசையில் போய் நின்றான், தேறியும் விட்டான். இப்போது மலைக்கு அனுப்பப்பட்ட படையில் இருக்கிறான். அங்கே போனதிலிருந்து அவனிடமிருந்து அழைப்பு வருவது அத்திபூத்தாற்போல்தான். அக்காவின் இடுப்பில் செருகியிருக்கும் போன் அதிர்ந்தால் முகத்தில் ரத்தம் வற்றிப்போகும். எடுத்தால் பெரும்பாலும் புதுத் திட்டத்தை விளக்கும் சிம் கம்பெனிப் பெண்ணாக இருப்பாள். மற்றவர்கள் எரிந்து விழும் அந்தப் பெண்ணிடம் அக்கா, "நீதானா? நல்லா இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு வைப்பார்.

கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுபவர். மகன் சீருடையில் நிற்கும் படத்தை, ஏறுகிறவர் இறங்குகிறவர் அத்தனை பேரிடமும் காட்டிவிடுவார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர்கூடத் தப்ப முடியாதாம். இரவுச் சாப்பாட்டின்போது தட்டைக் கவிழ்த்து மலை என்பார். டம்ளர்கள் நம்முடைய ஆட்கள். கரண்டி எதிரியின் பாதை. "ரெண்டு பக்கமும் வளைச்சா முடிஞ்சுது கதை" என்று அவர் டம்ளரை நகர்த்த, அக்கா அந்த டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டாராம். என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். "வெடிச்சத்தம் கேட்டா ஆம்பளைங்களுக்கு ஊரைக் காப்பாத்தணும்னு தோணும். நமக்கு, வெளிய போனதுங்கல்லாம் வீட்டுக்கு வந்துருச்சான்னு தோணும். அவரும் பயந்துதான் கெடக்காரு. என்ன, அவரோட பயம் மீசை வெச்சிருக்கு." சிரித்துக்கொண்டிருந்தவரின் உதடு கோணிக்கொண்டு போனதைப் பார்த்ததும் நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நீதிமன்றத்தில் அவர் மகனைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "வெளிய விட்டுறாதே. யார் எந்தப் பக்கத்து ஆளுன்னு நெத்தியிலயா எழுதியிருக்கு? என் மேல இருக்கற கோவத்தை அங்க அவன் மேல காட்டிட்டா?" என்பார். எவருக்கு அவர் மேல் கோபம், அது எப்படி மலை ஏறும் என்றெல்லாம் கேட்டுப் பயனில்லை. பயத்துக்குக் கணக்கு வழக்கு கிடையாது. எனக்கும் அவரோடு உட்கார்ந்து உட்கார்ந்து அது தொற்றிக்கொண்டுவிட்டது. திரை அசைந்தாலே யாரென்று எட்டிப் பார்க்கிறேன்.

மலையில் பிடிபட்டவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் நாட்களில் வாசலில் போலீஸ் இரண்டு மடங்காகும். போன வாரம் அப்படி ஒரு நாளில், நான் ஸ்டூலில் இருந்தபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் திரையை விலக்கி உள்ளே வந்தார். வழியெல்லாம் வாந்தி எடுத்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சொல்லாமலே கைகளைத் தூக்கிக்கொண்டார். வழியில் எத்தனை இடத்தில் சோதித்தார்களோ.

பையில் துவைத்து மடித்த சட்டை ஒன்றும், ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்பும் இருந்தன. அக்கா செருப்பை எடுத்து வளைத்துப் பார்த்தார்.

"எம் பையனுக்கு. செருப்பு போடக்கூட விடல, வெறுங்கால்ல இழுத்துட்டுப் போனாங்க" என்றார் அந்த அம்மாள். "அவன் ஒண்ணும் பண்ணலம்மா. அந்த ஒளிஞ்சிருக்கற பசங்க வந்து சோறு கேட்டானுங்க, துப்பாக்கி வெச்சிருந்தானுங்க, போட்டோம். மறுநாள் பட்டாளத்துக்காரங்க வந்து ஏன் போட்டேன்னு கேக்கறாங்க. இவங்ககிட்டயும் துப்பாக்கி."

அக்காவின் புறங்கை விலாப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"எம் பையனைப் பிடிச்சுட்டிருந்தவனுக்கு அவன் வயசுதான் இருக்கும். தண்ணி குடுங்கம்மான்னு கேட்டான். குடுத்தேனே! ஒரு சொம்புத் தண்ணியையும் குடிச்சான். குடிச்சிட்டுத்தான் என் புள்ளையத் தள்ளிட்டுப் போனான்."

புறங்கை நின்றுவிட்டது. தன் சட்டத்தையே மறந்து, அக்கா அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நெட்டையா இருந்தானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தான் என்று பதில் வர வேண்டுமென்று கேட்கிறாரா, வரக் கூடாதென்று கேட்கிறாரா? இருந்தான் என்றால் மகன் உயிரோடு இருக்கிறான். இன்னொருத்தியின் பிள்ளையை வெறுங்காலோடு இழுத்துப் போனவனும் அவன்தான்.

"எல்லாம் ஹெல்மெட் மாட்டிட்டிருந்தானுங்க. எவன் நெட்டை, எவன் குட்டைன்னு பாக்கற நெலமையா எனக்கு?" என்ற அந்த அம்மாள் சட்டென்று கைகளை இறக்கினார். "ஏன் கேக்கறே? உனக்குப் புள்ள இருக்கா? பட்டாளத்துல இருக்கானா?"

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தமும் போலீஸ்காரர்களின் அதட்டலும் கேட்டன. அக்கா செருப்பையும் சட்டையையும் மடமடவென்று பைக்குள் திணித்தார்.

"இல்லம்மா. எனக்குப் புள்ளையே இல்ல."

அந்த அம்மாள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரல் தணிந்து, பொய்யில்லாத பரிவோடு, "குடுத்து வெச்சவ நீ. இந்தக் காலத்துல இல்லாததே நல்லதுடியம்மா" என்று சொல்லி, பையை வாங்கிக்கொண்டு வண்டிச் சத்தம் வந்த பக்கமாக ஓடினார்.

திரை ஆடி நின்றது. அடுத்த பெண் உள்ளே வந்து கைகளைத் தூக்கி நின்றாள். அக்கா அவளைக் கவனிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, வலக்கை விரல்களால் தன் வாயிலேயே பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தார்.